எடுக்காத பொட்டலம்

ஆகஸ்ட் 23, வெள்ளி

வெள்ளை வந்துவிட்டது.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்புத்தான் வரும் என்று இருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் பூக்கேட்கவே ஒத்துக்கொண்டேன்.

வீடு என் பெயரில் இருக்கிறது. அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த மனை. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்த நாளிலிருந்து, ஒரு வருஷம் சுவர், ஒரு வருஷம் தளம் என்று கொஞ்சம் கொஞ்சமாக இவர் கட்டியது. ஒயரிங் முழுக்க இவர் கை. இருட்டில் தடவாமல் எந்த ஸ்விட்சையும் போடுவார். அப்படிப்பட்ட மனுஷர் சித்திரையிலிருந்து, கோபியில் இனி என்ன இருக்கிறது, வீட்டை விற்றுவிட்டு ஓசூரில் கௌசல்யா வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரே பிடியாக நிற்கிறார். கௌசல்யா எங்கள் ஒரே மகள்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். போன வாரம் இவரே, "சரி, உம்பேச்சும் வேண்டாம், எம்பேச்சும் வேண்டாம். ஆத்தாளையே கேட்டுப்போடலாம்" என்றார். கோயிலுக்கு வந்தால் வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருக்கிற ஆள். அவர் வாயில் அந்த வார்த்தை வந்தபோதே எனக்குத் திக்கென்றது.

வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் வைத்து, வித்தியாசம் தெரியாமல் மடித்து நாரால் கட்ட வேண்டும். பூசாரி இரண்டையும் ஆத்தாள் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை என்றால் செய். சிவப்பு என்றால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஆத்தாளைச் சந்தேகப்பட்டதாக ஆகும். அப்படியே வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். எங்களுக்கு இதுதான் வழக்கம். என் கல்யாணமே இப்படிக் கேட்டு நடந்ததுதான்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவரே பூப்பறித்து இரண்டையும் கட்டி வைத்திருந்தார். "நீ கட்டுனா அடையாளம் வெச்சுக்குவ" என்று சிரித்தார். கம்பத்தின்மேல் நின்று கயிறு கட்டிப் பழகிய கை. முடிச்சு அவிழாமல் பூசாரி நகத்தால் நாரைக் கிழித்துத்தான் பிரித்தார்.

வெள்ளை.

"உத்தரவு குடுத்துட்டாளுங்க. அப்பறம் என்னுங்க கலாமணியக்கா, தெகிரியமா விக்கலாமுங்க" என்றார் பூசாரி. தூணைப் பிடித்துக்கொண்டேன். இவர் சந்தோஷப்படுவார் என்று திரும்பிப் பார்த்தால், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். வயசான காலத்தில் பக்தி வந்திருக்கிறது.

தேங்காய் பழம் 90. கற்பூரம் 20. தட்டில் 50.

ஆகஸ்ட் 24, சனி

ஆத்தாள் சொன்னால் சொன்னதுதான். இனி அழுவதில்லை. இட்லிக்கு ஊறப்போட்டேன். உளுந்தை மறந்து அரிசி மட்டும் ஊறியிருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

புரோக்கர் மூர்த்தி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாடு வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு ஜன்னலையும் ஆட்டிப் பார்த்தார். என் உடம்பைத் தொட்ட மாதிரி இருந்தது.

"அவசரத்துல விக்கற ஊட்டுக்கு எவனும் முழு வெலை தரமாட்டானுங்க. இப்ப இருந்தே பொறுமையா ரெடி பண்ணுனீங்கன்னா தையில நல்ல பார்ட்டியாக் கூட்டியாரேன். கல்யாணத்துக்குப் பொண்ண அலங்காரம் பண்ற மாதிரிங்க."

"பொண்ணு கெழவியா இருந்தா?" என்றேன்.

"அதுக்குத்தானுங்கக்கா பெயிண்டு."

பூஜை அறைக் கதவு அரக்கு, எதிரே இருக்கிற பாத்ரூம் கதவு கிளிப்பச்சை, எங்கள் அறை நீலம், சமையலறை மஞ்சள். கௌசல்யா சின்னக் குழந்தையாக இருந்தபோது நிறம் சொல்லிக்கொடுக்க இவர் அடித்தது. அப்புறம் எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் அதே நிறந்தான். மூர்த்தி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இது ஊடா, ராட்டினத்தூரியா? எல்லாத்துக்கும் ஒரே கலரா அடிச்சுப்போடுங்க" என்றார். பழைய ஸ்விட்ச் போர்டுகளை எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டுமாம். கார் நிற்க இடம் தெரிய வேண்டும் என்பதால் கேட்டுப் பக்கம் இருக்கிற சிவப்பு அரளியை வெட்ட வேண்டுமாம்.

இவர், "எப்ப ரெடியாகும்?" என்று கேட்டார். தையில் என்றார் மூர்த்தி. டீ குடிக்கும்போது மறுபடியும் கேட்டார். கேட்டுக்கு வெளியே போய் வண்டியை மறித்தும் கேட்டார். "அண்ணனுக்குப் புதுமாப்பிள்ளையாட்ட அவசரமுங்க" என்று சிரித்துக்கொண்டே போனார் மூர்த்தி.

இந்த வீட்டை விட்டுப் போக இவருக்கு இத்தனை ஆசை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

அரளியை வெட்டியாயிற்று. வெட்டுக்கூலி 400. வேரைத் தோண்ட இன்னொரு நாள் ஆகும் என்றதால் அடியோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பின்னால் கிணற்றடியில் வெள்ளை மட்டும் நிற்கிறது.

பென்ஷன் ஆபீஸ் வேலை என்று செவ்வாய்க்கிழமை இவர் கோயமுத்தூர் போனார். திரும்பும்போது கோபியில் இறங்காமல் அந்தியூர் வரைக்கும் போய்விட்டாராம். தூங்கிவிட்டேன் என்றார். டிக்கெட் கேட்டேன், கணக்கில் எழுத. சட்டைப் பையில் கைவிட்டு வெகுநேரம் துழாவினார். கடைசியில், "நீயே ஏதோ ஒண்ணு எழுதிக்க புள்ள" என்றார். அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

இவருடைய கட்டிங் பிளேயர், டெஸ்டர், இடுப்புப் பெல்ட் எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டெஸ்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு புள்ள?"

"ம், கம்பங்கூழ் கிண்டறதுக்கு" என்றேன். அவரும் சிரித்தார். என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்து முடித்த பிறகும் டெஸ்டர் கையிலேயே இருந்தது. எதில் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பொரி, கடலை, வெல்லம் 140.

நவம்பர் 6, புதன்

பெயிண்டர் ரஃபீக் வேலையை முடித்துவிட்டார். எல்லாக் கதவும் பாதாம் நிறம். முடித்துவிட்டு அவரே தள்ளி நின்று பார்த்து, "லாட்ஜ் மாதிரி ஆயிருச்சுங்கக்கா. நம்பர்தான் ஒட்டோணும்" என்றார். புது ஸ்விட்சுகள் வெள்ளை வெளேர் என்று பட்டையாக இருக்கின்றன. மேலே அழுத்துவதா கீழே அழுத்துவதா என்று எனக்கே தெரியவில்லை. இவர் இரண்டு நாளாக லைட்டைப் போடச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார். லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டையரான மனுஷர்.

சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறோம். சுவரில் கைபடக் கூடாது.

நவம்பர் 18, திங்கள்

எழுதலாமா என்று யோசித்தேன்.

விடிகாலை விளக்கேற்றப் போனால் பூஜை அறைத் தரை ஈரமாக இருந்தது. ஆத்தாள் படத்துக்குக் கீழே. பூனையாக இருக்கும். மூன்று தரம் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். குளித்துவிட்டு வந்து மறுபடியும் கழுவினேன். கந்தர் சஷ்டி கவசம் சொல்ல வாயெடுத்தால் அடி மறந்து மறந்து போகிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், மளிகைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவள், பார்க்காமல் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் பாட்டு அது.

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. வேறு வழியாகப் பூனை வந்திருக்கும்.

இவர் நாள் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி, கார்த்திகை தீபம்

விளக்கு வைத்திருக்கிற நேரமாகப் பார்த்து மூர்த்தி திருப்பூர்ப் பார்ட்டியைக் கூட்டிவந்தார். கெட்டிக்காரர். வந்த அம்மா வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "மகாலட்சுமி குடியிருக்கற ஊடுங்க" என்றாள். அதற்குமேல் விலை பேசவே இல்லை. தை இரண்டாம் வெள்ளி அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடுவதாகப் பேச்சு.

"ஊட்டுல அம்மா பேரு என்னுங்கண்ணா?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். "இது... இவ..." என்றார். "எங்கூட்டுக்காரி" என்று முடித்தார். எல்லோரும் சிரித்தோம். நாலுபேர் முன்னால் இவர் என் பெயரைச் சொன்னதே இல்லை, அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

ஒன்றும் நினைக்கவில்லை என்று எதற்கு எழுதினேன்?

ஜனவரி 3, வெள்ளி

இன்றைக்கு எழுத்துக் கோணலாக வரும். வரட்டும்.

காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். இவர் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் வாழையிலைத் துண்டு, நார், வெள்ளை அரளி. கிணற்றடிச் செடியில் பறித்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பறித்திருக்கிறார், பரவாயில்லையே என்று நினைத்து, "எதுக்குங்க இத்தனை பூவு?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டியாக்கா. கதவச் சாத்து."

இவருக்கு ஒரே ஒரு அக்கா, ருக்குமணி. அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் என் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"கலாமணி குளிக்கப் போயிருக்கறா. அவ வாரதுக்குள்ள கட்டிப்போடோணும். இந்த நாரப் புடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன். ஒரு துண்டில் வெள்ளைப் பூ வைத்து மடித்துக் கட்டினார். அடுத்த துண்டை விரித்தார். அதிலும் வெள்ளையை வைத்தார்.

"ரெண்டுலயுமா?" என்று கேட்டேன்.

"பின்ன? சாமிய நம்பி உட்டுச் செவப்பு வந்துச்சுன்னா என்ன பண்றது? அவ கையெழுத்துப் போடமாட்டா. எடுக்காததப் பிரிக்கக் கூடாதுன்னு அவளேதான் சொல்றா, அப்பறம் எப்படித் தெரியும்?" ஒரு சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்கக்கா. இது நிக்காதாம். கூடிக்கிட்டேதான் போகுமாம். ஒருநாளைக்கு அவளையே யாருன்னு கேப்பனாமா. அதுக்கு முந்தி அவளக் கௌசிகிட்டக் கொண்டுபோயிச் சேத்திப்போடோணும். இவ்ளோ பெரிய ஊட்டுல என்னையும் வெச்சுக்கிட்டு ஒண்டியா என்னக்கா பண்ணுவா? நீ சொல்லிப்போடாத. சாமி காரியத்துல சூது பண்ணுனேன்னு தெரிஞ்சா எம்மூஞ்சியிலயே முழிக்கமாட்டா."

ஆத்தாளே, எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "சொல்லமாட்டேன் தம்பி" என்றேன்.

இரண்டு பொட்டலத்தையும் என் கையில் வைத்து மூடினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அந்தச் சத்தத்துக்குத் திரும்பியவர், மறுபடி என்னைப் பார்த்தபோது பழைய ஆளாக இருந்தார். "ஏம்புள்ள, பாலு பொங்குது, மரமாட்ட நிக்கற?"

அவர் பல் விளக்கப் போன பிறகு இரண்டையும் பிரித்தேன். நாரைக் கிழித்துத்தான் பிரிக்க முடிந்தது. வெள்ளை. வெள்ளை.

ஆவணியிலிருந்து, ஆத்தாள் உத்தரவு, ஆத்தாள் உத்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அரளியை வெட்டினேன், கதவுக்கு நிறம் மாற்றினேன், சுவரில் கைபடாமல் நடந்தேன். உத்தரவு கொடுத்தது இவர். நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் ஆத்தா? உன் காலடியில்தானே வைத்தார்கள்? ஒரு பல்லிகூடவா உனக்குக் கிடைக்கவில்லை, ஒரு சத்தம் கொடுக்க?

கார்த்திகையில் வந்தது பூனை இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஜனவரி 4, சனி

இவர் முடி வெட்டப் போனபோது கௌசல்யாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பாவுக்கு என்னன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?"

பின்னால் குக்கர் விசில் சத்தம். அப்புறம், "யாரும்மா சொன்னாங்க?" என்றாள்.

அது போதும். உட்கார்ந்துவிட்டேன்.

"சித்திரைல நாந்தாம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஸ்கேன் எல்லாம் எடுத்தாங்க. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கையைப் புடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரும்மா. இருக்கற வரைக்கும் அவ நிம்மதியா இருக்கட்டும்னாரு. நான் என்ன பண்ணட்டும்?" அழுதாள்.

"பூ விசயமும் தெரியுமா?"

"என்ன பூ?"

அந்த ஒன்றாவது அவளுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும். எட்டாம் தேதி லீவு போட்டுக் கோயமுத்தூர் வரச் சொன்னேன். அதே டாக்டரிடம், நானும்.

ஜனவரி 8, புதன்

டாக்டரம்மாவுக்குக் கௌசல்யா வயசுதான் இருக்கும். இவரை அவளோடு வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

"நாலு மாசத்துக்குள்ள இவ்வளவு கூடியிருக்கக் கூடாதே. வீட்டுல புதுசா ஏதாவது மாத்துனீங்களாம்மா?" என்று கேட்டார்.

சொன்னேன். கணக்கு ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். கதவு, ஸ்விட்ச், கட்டிலைத் திருப்பிப் போட்டது, வாசல் அரளி. சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மேஜையில் வைத்தார்.

"அம்மா, பச்சைக் கதவுன்னா பாத்ரூம். அது அவருக்கு ஞாபகத்துல இல்ல, உடம்புல இருந்தது. கதவை ஒரே நிறமாக்கி, லைட்டு எங்கன்னு தெரியாம பண்ணிட்டா அவர் எதைப் புடிச்சுக்கிட்டு நடப்பாரு? நோய் நிக்காதுங்கம்மா, உண்மைதான். ஆனா பழகின இடத்துல மெதுவாத்தான் கூடும்."

"புது ஊருல, ஃபிளாட்டுல?"

"என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். அவர்கிட்டயும் செப்டம்பர்ல சொன்னனே. சரிங்கன்னு போனாரே."

சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தே செய்திருக்கிறார். தன் கைத்தடியைத் தானே ஒடித்து எனக்கு விறகு வைத்திருக்கிறார். நான் அதற்குக் கூலியும் பெயிண்ட் செலவும் எழுதிவைத்திருக்கிறேன்.

வெளியே வந்தபோது இவர் கௌசல்யாவின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "பென்ஷன் ஆபீஸ்ல கூட்டம் சாஸ்தியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க. சாஸ்தி" என்றேன்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

இன்று இவருக்குத் தெளிவான நாள். சாப்பிட்டுவிட்டுத் தானே பேச்சை எடுத்தார்.

"கலாமணி, டாக்டரம்மாளப் பாத்தயல்ல. உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குந் தெரியும். இருபத்தி நாலாந் தேதி கையெழுத்துப் போட்டுரு. நான் நல்லா இருக்கறப்பவே முடிச்சுப்போடோணும்."

"விக்க வேண்டாமுங்க. இங்கயே இருக்கலாம்."

"என்னயத் தூக்கி எறக்க உன்னால ஆகாது."

"ஆகறப்ப ஆகட்டுமுங்க. ஆகாதப்ப கௌசி வரட்டும்."

"ஆத்தா உத்தரவுக்கு மேலயா நீ?" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கட்டிய மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு இதழைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ஜெயித்திருப்பேன். ஆனால் இவர் தெளிவாக இருக்கப்போகிற நாள்கள் இனிக் கொஞ்சந்தான். அந்தக் கொஞ்சத்தையும் என் முன்னால் தலைகுனிந்து கழிக்க வேண்டுமா? தம்பிக்குக் கொடுத்த வாக்கு வேறு இருக்கிறது. மாட்டேன் என்று நான் சும்மா நின்றாலும் விடமாட்டார். ராப்பகலாக அதையே கேட்டுக் கேட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்வார்.

"சரிங்க. இன்னொருக்காக் கேக்கலாம்" என்றேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அதான் ஒருக்காக் கேட்டாச்சே?"

"சீக்கு இருக்குதுன்னு ஆத்தாகிட்ட அப்பச் சொல்லலீங்களே. இப்பச் சொல்லிக் கேக்கலாம்."

கையிலிருந்த இதழைக் கீழே போட்டார். "அப்ப நாங்கட்டறேன்" என்றார்.

"போன தடவை நீங்க கட்டுனீங்க. இது என்ற மொறை."

ஜனவரி 21, செவ்வாய்

வாசலில் வெட்டிய அரளி, அடியிலிருந்து துளிர்த்திருந்தது. உச்சியில் இரண்டே கொத்து, சிவப்பு. விடியும்முன் போய்ப் பறித்தேன். கிணற்றடிப் பக்கமே போகவில்லை.

போகவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஆத்தாளுக்குத் தெரியும், இந்த நோட்டுக்கும் தெரியட்டும். இரண்டு துண்டிலும் சிவப்புத்தான் வைத்தேன். அறுபதை நெருங்குகிறேன், ஒரு விரதம் தவறியதில்லை, ஒரு நாள் விளக்குத் தவறியதில்லை. கட்டி முடித்துப் பார்த்தபோது என் கை யாருடைய கையோ மாதிரி இருந்தது. "ஆத்தா, நீ ஒருவேளை வெள்ளை கொடுக்க நினைத்திருந்தால் என்னை மன்னித்துக்கொள். என்னால் அதைத் தெரிந்துகொள்ள முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பூசாரி கற்பூரம் காட்டிக் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். என் முடிச்சும் இறுகிவிட்டது போலிருக்கிறது, நாரைக் கிழித்தார். சிவப்பு.

"இதென்னுங்க, போன தடவை உத்தரவு குடுத்துட்டு இந்தத் தடவை வேண்டாங்கறா?" என்று தலையைச் சொறிந்தார்.

"அவளும் பொம்பளதானுங்க. யோசிச்சுப் பாத்திருப்பா" என்றேன். குரல் நடுங்காமல் வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இவர் இன்று உள்ளேயே நின்றார், செருப்புக்குக் காவல் போகவில்லை. தட்டில் இருந்த மற்றொரு பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது மாதிரி பார்த்தார். முடிச்சைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதப் பிரிச்சுப் பாக்கட்டுமா கலாமணி?" என்றார். நாலுபேர் இருக்கிற இடத்தில், என் பெயரைச் சொல்லி.

"வழக்கமில்லீங்களே."

"வழக்கமில்லதான்."

அவரே வேப்பமரத்தடிக்குப் போனார். குனிந்து பொட்டலத்தை வேருக்கு நடுவில் வைத்தார். போடவில்லை, வைத்தார். அங்கே காய்ந்த பழைய பொட்டலங்கள் நிறையக் கிடந்தன. யார் யார் கட்டியதோ.

எப்போதும் பத்தடி முன்னால் நடக்கிற மனுஷர் திரும்பி வரும்போது என் பக்கத்தில் நடந்தார். பஸ் ஸ்டாண்டு தாண்டிய பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நல்லாக் கட்டியிருந்த புள்ள. என்ற முடிச்ச விட இறுக்கம்."

தேங்காய் பழம் 100. கற்பூரம் 20. தட்டில் 101. பூவுக்குச் செலவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

மூர்த்தி போனில் கத்தினார். திருப்பூர் அம்மா கோபித்துக்கொண்டாளாம். சாமி உத்தரவு இல்லை என்றேன். போனை வைத்துவிட்டார்.

ரஃபீக் வந்தார். "வித்தாச்சுங்களாக்கா?"

"இல்ல. பாத்ரூம் கதவுக்குப் பச்சை அடிக்கோணும்."

"எந்தப் பச்சைங்க? பச்சையில பத்து இருக்குது."

நான் வாய் திறப்பதற்குள் உள்ளே நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "கிளிப்பச்சை!"

மத்தியானம் அடித்து முடித்தார். நாளை வரைக்கும் தொடக் கூடாது, காயட்டும் என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர் எழுந்து வந்தார். ஹாலுக்கு நடுவில் நின்று அந்தப் பக்கம் ஒரு தரம், இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். நான் கூப்பிடவில்லை. நேராகப் போய்க் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனார்.

"ஐயோ, ஈரங்கண்ணா!" என்று ரஃபீக் ஓடி வந்தார். கதவில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. "அழிச்சுட்டு இன்னொரு கோட் அடிச்சுரட்டுங்களாக்கா?"

வேண்டாம் என்றேன்.

கிளிப்பச்சை அரை லிட்டர், கூலியோடு 650.